இறங்காத பயணிகள்

மரிவிக் ஓட்டுநர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுடைய ஜீப்னி வேன் நிறைந்துவிட்டது.

“இந்த வேகத்துக்கு நடந்தே போனா நான் சீக்கிரம் போயிருவேன்டி,” என்றார் படியோரம் உட்கார்ந்திருந்த டெமியோங் தாத்தா.

“பயிற்சியில பிரேக் போட மட்டும்தான் சொல்லிக் கொடுத்தாங்களோ?” என்றாள் கருவாட்டுக்காரி சோலெங். வண்டியே சிரித்தது.

“பேசாம காசைக் கொடுங்க,” என்றாள் மரிவிக், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். காசு கைமாறிக் கைமாறி முன்னால் வந்தது.

வழியெல்லாம் கேலிதான். ஆனால் நிறுத்தச் சொல்லி ஒருவர்கூடக் கூரையைத் தட்டவில்லை.

சந்தையில் வண்டியை நிறுத்தினாள்.

“கடைசி ஸ்டாப். இறங்குங்க.”

யாரும் அசையவில்லை.

“தாத்தா, சந்தைக்குத்தானே வந்தீங்க?”

“எனக்கு இங்க என்ன வேலை?”

“சோலெங் அக்கா, நீங்க?”

சோலெங் நெளிந்தாள். “நீ பயிற்சியில பாஸ் பண்ணிட்டே, சரி. ஆனா முன்பின் தெரியாதவங்க ஏறினா உனக்குக் கை நடுங்கும்னு நம்ம தெருவுக்கே தெரியுமே! அதான், வேற யாருக்கும் இடமில்லாம நாங்களே ஏறிக்கிட்டோம். திரும்பும்போதும் நாங்கதான்.”

மரிவிக் பதில் சொல்வதற்குள், கூடையும் பையுமாக ஒரு கூட்டம் வண்டியைச் சூழ்ந்தது.

“இடம் இருக்காம்மா?” என்று கேட்டார் முன்னால் நின்ற புதியவர்.

வண்டியிலிருந்த தெருக்காரர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். மரிவிக் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தாள்.

“நிறைய இருக்கு, ஏறுங்க!” என்றவள் பின்னால் திரும்பினாள். “தாத்தா, நடந்தே போனா சீக்கிரம் போயிருவேன்னீங்களே? நம்ம தெருக்காரங்க எல்லாரையும் இறக்கிக் கூட்டிக்கிட்டு நடங்க!”