பிள்ளையார் நிற்கும் வளைவு

மார்கழி, ஜோகூர் மாநிலத்துக் காட்டோர ஊரான காஹாங்கிற்குப் பனியோடு வருவதில்லை, மழையோடு வருகிறது. வடகிழக்கிலிருந்து திரண்டெழும் மேகம் செம்பனைத் தோட்டங்களின்மேல் கவிந்து, ஒரு நாளை மறுநாளிலிருந்து பிரித்தறிய முடியாதபடி எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கிவிடுகிறது. ஓலை நுனிகள் ஓயாமல் சொட்டுகின்றன. விடியலும் அந்த மாதத்தில் தயங்கித் தயங்கியே வரும். பாடித்தான் அதை எழுப்பவேண்டும்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், சபாபதி தம் பழைய மோட்டார் சைக்கிளோடு ஒரு காரில் மின்சாரம் தரும் அல்டர்னேட்டரைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

வண்டிக்கு ஏறக்குறைய அவருடைய வயது. அதன் டைனமோ தந்த மின்சாரத்தில் முன்விளக்கு அகல்விளக்கைப்போல எரியும். வளைவில் வேகத்தைக் குறைத்தால் அதுவும் கண்மூடும்.

"மத்த ஆளுங்க புது மோட்டோ வாங்குவாங்க. இவரு என்னை மாத்தினாலும் மாத்துவாரு, இதை மாத்த மாட்டாரு," என்றாள் அவர் மனைவி அங்கம்மா. வாசலில் இடக்காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே நீண்ட தழும்பு.

அவள் சொன்னது ஹேமநாதனிடம். அவன் கார் மெக்கானிக். ஜோகூர் பாரு நகரிலிருந்து பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

விடிந்தால் திங்கள். அங்கம்மா ஓராண்டுக்குப் பின் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள். குளுவாங் தொழிற்சாலையின் பேருந்து ஐந்தரைக்கெல்லாம் காஹாங் முச்சந்திக்கு வந்துவிடும். நாளையும் அவள் வராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு. வீட்டிலிருந்து முச்சந்திவரை ஒன்பது கிலோமீட்டர் இருட்டு. நடுவில் அந்த வளைவு.

போன மார்கழியில் அந்த வளைவில்தான், பிள்ளையார் இருப்பது தெரியாமல் சபாபதி வண்டியை நேரே கொண்டுபோனார். கடைசி நொடியில் பிரேக்கை அழுத்தினார். வண்டி சறுக்கியது. இருவரும் பிள்ளையாரின் காலடியிலேயே போய் விழுந்தார்கள்.

அவருக்குச் சிராய்ப்பு. அவளுக்குக் கால் முறிந்தது. அன்றிலிருந்து அவள் அவர் பின்னால் ஏறி உட்காரவில்லை.

"தூரத்துலேருந்தே பிள்ளையார் எனக்குத் தெரியணும். தெரிஞ்சா ஏறுறேன்," என்பது அவள் போட்ட நிபந்தனை.

"அந்தக் கோயிலுக்கு ஒரு லைட்டு போட்டுக் குடுத்தா முடிஞ்சது லா, அண்ணே," என்றான் ஹேமநாதன். "இதுக்குப் போயி கார் அல்டர்னேட்டரா?"

சபாபதி அங்கம்மாவைப் பார்த்தார். அங்கம்மா அவரைப் பார்த்தாள். இருவரும் ஒருசேரச் சிரித்தார்கள்.

மூன்று வாரத்து உழைப்பு அது. டைனமோவைக் கழற்றி, எஞ்சினுக்கு முன்னால் இரும்புப் பட்டையை வளைத்துத் தாங்கி செய்திருந்தார். ஆறு வோல்ட் பேட்டரி போய்ப் பன்னிரண்டு வோல்ட் வந்திருந்தது. இப்போது பெல்ட்டை மாட்டி, கட்டைவிரலால் அழுத்தி, தொய்வு சரியா என்று பார்த்தார். எல்லாம் சரி.

உதைத்தார். எஞ்சின் முழங்கியது. அல்டர்னேட்டர் சுழன்றது.

மின்சாரம் வரவில்லை.

மூன்று முறை கழற்றி மாட்டினார். மழை வலுத்தது.

"விடுங்க. நாளைக்கு நான் போகல," என்றாள் அங்கம்மா. அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஹேமநாதன் குனிந்து ஒயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"அலமாக்! கார்ல சாவி போட்டதும் சின்னதா ஒரு சிவப்பு லைட்டு எரியுமே, அதை நீங்க மாட்டவே இல்லியே அண்ணே. பேட்டரி கரண்டு அது வழியா துளி போனாத்தான் இது எந்திரிக்கும். பிள்ளையார் சுழி போடாம எழுத ஆரம்பிச்சிட்டீங்க!"

காப்புச் செய்யுள் சொல்லாமல் எந்த நூலையும் திறந்தறியாத சபாபதி, நாணித் தலைகுனிந்தார்.

ஹேமநாதன் கைப்பிடியருகே மாட்டிய சிறு சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் வேகம் பிடித்ததும் அது அணைந்தது; முன்விளக்கு எதிர்வீட்டுச் சுவரில் பகலைக் கொட்டியது.

மறுநாள் ஐந்து மணிக்கு, தூறலில், அங்கம்மா ஏறி உட்கார்ந்தாள். அவள் இரு கைகளும் அவர் தோள்களை இறுகப் பற்றியிருந்தன.

வளைவு வந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார். வெளிச்சம் குறையவில்லை.

"அதோ, பிள்ளையார்."

நூறடிக்கு அப்பால், சாலையின் குறுக்கே, முறம்போன்ற செவிகளை அசைத்தபடி நின்றுகொண்டிருந்தார். நனைந்த கரிய மேனி. துதிக்கை உயர்ந்து அவர்கள் இருந்த திசையை முகர்ந்தது. பின்னால், செம்பனைகளுக்கு நடுவிலிருந்து இன்னும் இருவர் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பாதையில் ஆணாயினும் பெண்ணாயினும் எல்லாரும் பிள்ளையார்தான். அவர்களின் மற்றப் பெயரை அங்கே எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் அந்தப் பெரிய காதுகளில் விழுந்துவிடும்.

முன்னால் நின்ற தாயின் கால்களுக்கிடையே ஒரு குட்டி. வெளிச்சம் கண்ணில் பாய்ந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் அது தடுமாறியது. தாய் அதை விட்டு நகரவில்லை.

சபாபதி வண்டியை நிறுத்தினார். தோளில் இருந்த விரல்கள் அழுந்தின.

"லைட்ட அணைங்க," என்றாள் அங்கம்மா. "புள்ளைக்குக் கண்ணு கூசுது."

அணைத்தார்.

இருள் மூடிக்கொண்டது. மெல்ல ஓடும் எஞ்சினின்மேல் அந்தச் சிறு சிவப்பு விளக்கு மட்டும் திரும்ப எரிந்தது, சன்னிதியில் எரிவதுபோல. கனத்த அடிகள் தார்ச்சாலையைக் கடந்தன. மறுபுறத்து ஓலைகள் விலகின.

அங்கம்மா அவர் தோள்களிலிருந்து இரு கைகளையும் எடுத்தாள். அவற்றைக் குறுக்காக மாற்றி, நெற்றியில் மெல்லக் குட்டிக்கொண்டாள்.

"போயிட்டு வாங்க, சாமி."

பிறகு, கடைசியாகப் போன சின்னக் காலடிக்கு மட்டும் தனியாகச் சொன்னாள்:

"நல்லா இருடா, ராசா."