பிரேக் மேல ஒரு கால்

“பிரேக் போடுடி, பிரேக் போடு.”

கத்தியவளின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. காரை ஓட்டிக்கொண்டிருந்ததே அவள்தான்.

குறுக்கே வந்த நாய் நடுரோட்டில் நின்று அவளை ஒரு பார்வை பார்த்தது. அதன் மூக்குக்கு இரண்டடி தள்ளி கார் நின்றது. நாய் அவசரமே இல்லாமல் அந்தப் பக்கம் போனது.

“நல்ல வேளை, அமுக்கினே” என்றாள் மைதா, மூச்சு வாங்க.

“ம். கிளம்பு. பின்னாடி லாரிக்காரர் நம்ம பரம்பரையையே விசாரிக்க ஆரம்பிச்சுட்டார்” என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த டீச்சர்.

மைதா வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். அவளுடைய நிஜப் பெயர் அவள் புருஷனுக்கே சட்டென்று வராது. டீச்சர் அவளுடைய பள்ளிக்கூடத் தோழி, இப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஸ்கூலுக்கு இருக்கும் ஒரே காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. உலகத்திலேயே மைதா முழுசாக நம்பும் ஒரே பொருள் அது.

நாளைக் காலை பத்து மணிக்கு அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட். நாலாவது முறை. பாஸானால் ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு தினமும் கேக் கொண்டுபோய் இறக்கும் ஆர்டர் அவளுக்கு. இல்லாவிட்டால் அடுத்த தெரு பேக்கரிக்காரருக்கு.

“நாளைக்கு நான் போகலடி” என்று இன்று காலையில் போனில் மூக்கை உறிஞ்சினாள் மைதா. டீச்சர் போனை வைத்துவிட்டாள். ஒரு மணி நேரத்தில் வாசலில் ஹாரன். ஊரில் பாதிப் பேர் வைத்திருக்கும் அதே வெள்ளைக் கார், முன்னால் ‘எல்’ போர்டு.

“வா, சும்மா ஏரி வரைக்கும் போயிட்டு வரலாம்.”

“இப்படியேவா? மேலெல்லாம் மாவு.”

“ஏரியில மீன் இருக்கு. மாவுன்னா அதுங்களுக்கு உசிரு. மேஜை மேல இருக்கிற அந்தக் கேக்கையும் எடுத்துக்கோ.”

கேக் பெட்டியைத் தன் காலடியில் வைத்து, இரண்டு பாதங்களாலும் அணைத்துக்கொண்டாள் டீச்சர். சாவியை மைதாவிடம் நீட்டினாள்.

“ஹாரன் என்னடி வேற மாதிரி கத்துது?”

“நேத்து மழையில நனைஞ்சுது. சளி பிடிச்சிருக்கும்.”

பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மைதா கேட்டுக்கொண்டே இருந்தாள். “கால் பிரேக் மேலதானே இருக்கு?”

“உன் வேலை ரோட்டைப் பாக்குறது. என் காலைப் பாக்க எனக்குன்னு ஒருத்தர் வீட்டுல இருக்கார்.”

பாலம் தாண்டியதும் டீச்சர் கேட்டாள். “போன தடவை டெஸ்ட்ல என்னதான் ஆச்சு?”

“ஒரு தாத்தா சைக்கிள்ல குறுக்க வந்தார். நான் இன்ஸ்பெக்டர் காலைப் பாத்தேன். அது உன் வண்டி இல்லையே, அங்க ஷூ மட்டும்தான் இருந்துச்சு.”

“அப்புறம்?”

“கண்ணை மூடிட்டேன். அவரே ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இறங்கி ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சார்.”

டீச்சர் சிரித்த சிரிப்பில் சீட்டே ஆடியது.

வழியெல்லாம் சோதனைதான். ஸ்கூல் பிள்ளைகள் கும்பலாக ரோட்டைக் கடந்தார்கள். ஒரு பஸ், கை கூடக் காட்டாமல் நின்றது. மேட்டில் ஏறும்போது முன்னால் போன டிராக்டர் பின்னால் சரிந்தது. ஒவ்வொரு முறையும் கார் நின்றது. ஒவ்வொரு முறையும் மைதா “தேங்க்ஸ்டி” என்றாள். கடைசி இரண்டு முறை கத்தக்கூட மறந்துவிட்டாள்.

ஏரிக்கரையில் பெட்டியைத் திறந்தார்கள். கத்தி கொண்டுவர இருவருக்குமே தோன்றவில்லை. டீச்சர் தன் லைசென்ஸ் அட்டையைத் துடைத்து, அதாலேயே கேக்கை வெட்டினாள்.

“அடுத்த தடவை உன்னோடதுல வெட்டலாம்.”

மைதா கேக்கையே பார்த்தாள். “ஏழு தடவை பிரேக் போட்டிருக்கே. ஒரு க்ரீம் பூ கூட நசுங்கலையேடி?”

“போட்டவங்க பக்குவமாப் போட்டிருக்காங்க. சாப்பிடு.”

தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு முழுக் கேக்கையும் தீர்த்தார்கள். மாவுக்கு வந்த மீன்கள் கால்விரலைக் கடித்துப் பார்த்துவிட்டு ஏமாந்து போயின.

திரும்பும்போது கடைத்தெருவில் சாயங்காலக் கூட்டம். தள்ளுவண்டி, ஸ்கூட்டர், நடுவில் நின்று அரட்டை அடிக்கும் இரண்டு பெரியவர்கள் என்று எல்லாவற்றையும் தாண்டி வந்தாள் மைதா. ஒரு மெக்கானிக் ஷெட் முன்னால் டீச்சர் கையைக் காட்டினாள். “இங்க ஒரு நிமிஷம் ஓரமா நிறுத்து.”

ஒரே மடக்கில் ஓரம் கட்டினாள் மைதா. ஆனால் முகம் மறுபடி வாடிவிட்டது.

“நாளைக்கு வேண்டாம்டி. இன்னிக்கு நீ அமுக்கலேன்னா நாய், டிராக்டர், நாம ரெண்டு பேரு, எல்லாருமே போய்ச் சேந்திருப்போம். பக்கத்துல உன் பிரேக் இல்லாம என்னால ஒரு அடி நகர முடியாது.”

டீச்சர் காலி கேக் பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார் மெக்கானிக்.

“என்னக்கா, காலையிலேர்ந்து உங்க ஸ்கூல் வண்டி இங்கயே இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது, எப்பதான் எடுக்கப்போறீங்க?”