கதவுக்கு இந்தப் பக்கம்

குளியலறைத் தரையில் கணவனும் மனைவியுமாக விழுந்து கிடந்தார்கள்.

வாளி உருண்டு மூலைக்குப் போயிருந்தது. குழாய் தன்பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

அவள் முதலில் அவருடைய தலையைத்தான் தடவிப் பார்த்தாள். நல்லவேளை, அடி இல்லை. முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து பாதி முகம்தான் அவர் சொல் கேட்கும். அவள் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பாதியைச் சிரிக்க வைத்துவிடுவார்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். காலமெல்லாம் லாரி ஓட்டிய உடம்பு, அசையவில்லை. சுவரில் முதுகை முட்டுக்கொடுத்து மறுபடி தூக்கினாள். தோளில் ஏதோ பிடித்துக்கொண்டது. கண்ணில் பூச்சி பறந்தது.

அவளுக்கு வீட்டில் கலெக்டர் என்று பெயர். அவர் வைத்ததுதான். எந்த வேலையையும் யார் கையிலும் விடமாட்டாள். விட்டாலும் பின்னாலேயே போய்த் திருத்துவாள்.

அவர் படுத்த பிறகு அது இன்னும் முற்றிப்போனது. வந்து கூட இருக்கிறேன் என்ற நாத்தனாரை, உனக்கெதற்குச் சிரமம் என்று தட்டிக்கழித்தாள். ஆள் வைக்கலாம் என்ற மகனிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. எந்நேரமானாலும் ஒரு குரல் கொடுங்கள் என்று எதிர்வீட்டு வெல்டர் வந்து சொன்னபோது, சரி தம்பி என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

கட்டினவரைக் குளிப்பாட்ட இன்னொருவரைக் கூப்பிடுவதா? கூப்பிட்டால், சலித்துப்போய்க் கைவிட்டுவிட்டாள் என்றல்லவா ஆகும்? ஊர் சொல்லாவிட்டாலும் அவள் மனசு சொல்லும்.

குளிரில் அவருடைய உதடு நடுங்கத் தொடங்கியது.

அவள் குழாயை மூடினாள். அவர்மேல் துண்டைப் போர்த்தினாள். நனைந்த துணியோடு போய் எதிர்வீட்டு மணியை அடித்தாள்.

“தம்பி, என்னால தூக்க முடியல. கொஞ்சம் வரீங்களா?”

சொன்னதும், திருடி மாட்டிக்கொண்டவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வெல்டர் எப்படி, ஏன் என்று ஒன்றும் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். மார்போடு அணைத்து ஒரே மூச்சில் அவரைத் தூக்கி ஸ்டூலில் உட்கார வைத்தார். மிச்சக் குளியலையும் நானே பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் ஈரத்தை மாற்றுங்கள் அக்கா என்றார்.

வெந்நீர் பதம், இடது தோளைத் தொட்டால் வலி, சோப்பு கண்ணில் படக்கூடாது என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெல்டர் கதவைச் சாத்தினார்.

துணி மாற்றிக்கொண்டு வந்தாள். உட்கார மனம் வரவில்லை. கைக்கு வேலை இல்லாமல் நிற்பது, அடுத்தவர் பொருளை எடுத்து வைத்துக்கொண்டு நிற்பது போல இருந்தது.

உள்ளே தண்ணீர் ஓங்கி விழுந்தது. இப்படியா ஊற்றுவார்கள்? முகத்தில் அடிக்குமே. சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று கதவின் கைப்பிடியைப் பிடித்தாள்.

அப்போது அவருடைய குழறல் கேட்டது.

“அவ... போயிட்டாளா?”

துணி மாற்றப் போயிருக்கிறார், பக்கத்தில் இல்லை என்றார் வெல்டர்.

தண்ணீர் நின்றது.

அடுத்து வந்தது என்ன சத்தம் என்று அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அவரிடமிருந்து அவள் அதைக் கேட்டதில்லை.

அவர் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.

வெல்டர் தேற்றவில்லை. அழாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

அவள் கைப்பிடியை விட்டாள். காலடி கேட்டால் அவர் நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, குதிகால் பதியாமல், அந்த இடத்தைவிட்டு நகர்ந்தாள்.