சிக்னல் ரிப்பேர்

“காரை எடுத்துட்டுப் போறேங்க! சிக்னல் விளக்கைக் காட்டணும்!” வாசலிலிருந்து கத்தினாள் மனைவி.

நூலகருக்குச் சுருக்கென்றது. இது மூன்றாவது சனிக்கிழமை. முதல் வாரம் ஹார்ன் என்றாள். போன வாரம் சிக்னல். இந்த வாரமும் சிக்னலாம்.

விடிந்ததுமே அவர் காரைச் சோதித்துப் பார்த்திருந்தார். ஹார்னை அமுக்கியதும் தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. இண்டிகேட்டர் போட்டுவிட்டு இறங்கிப் போய்ச் சுற்றிப் பார்த்தார். முன்னும் பின்னும் எல்லா விளக்கும் பளிச் பளிச்சென்று மின்னின. விளக்கு மூடியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

அதையும் அவன்தான் துடைத்திருப்பான்.

அவன், பெட்ரோல் பங்க் பக்கத்தில் கார் எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவன். எல்லோரும் ‘லைட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தைந்து வயசு, முறுக்கிய மீசை, சிரித்த முகம்.

போன வாரம் நூலகத்திலிருந்து திரும்பும்போது அவரே கண்ணால் பார்த்தார். காருக்குள் இவள். ஜன்னலில் குனிந்து நிற்கிற அவன். உதடு அசைந்ததே தவிர, ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. அப்படியொரு குசுகுசுப்பு!

வீட்டில் “காபி வேணுமா?” என்பதைக்கூடப் புருஷனிடம் தொண்டை கிழியக் கத்துகிறவள், அவனிடம் மட்டும் பூப்போலப் பேசுகிறாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தே கிளம்பினார்.

கடையில் அதே காட்சி. அவள் ஏதோ சொல்ல, அவன் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“என்ன நடக்குது இங்க?”

இருவரும் தூக்கிவாரிப் போட்டதுபோல் நிமிர்ந்தார்கள்.

“வாங்க சார்…”

“சாரும் மோரும் இருக்கட்டும். நல்லா எரியற சிக்னலுக்கு வாராவாரம் என்ன ரிப்பேர்? என்கிட்ட எரிஞ்சு விழறவ, உன்கிட்ட மட்டும் என்ன ரகசியம் பேசறா?”

லைட்டு அவளைப் பார்த்தான். அவள் ‘வேண்டாம்’ என்று தலையசைத்தாள்.

“கண்ஜாடை வேறயா?”

லைட்டு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, டிரைவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டான். அவள் இறங்கி ஒதுங்கி நின்றாள்.

“உக்காருங்க சார். நீங்களே இண்டிகேட்டர் போடுங்க.”

போட்டார். ஸ்டியரிங் பின்னால் பச்சை அம்புக்குறி விட்டு விட்டு எரிந்தது.

“எரியுது. அதுக்கென்ன?”

“சத்தம் கேக்குதா சார்?”

“என்ன சத்தம்? ஒண்ணும் கேக்கல.”

அதற்குள் பெஞ்சில் காத்திருந்த இன்னொரு கார்க்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்து வந்தார்.

“யப்பா, அந்தக் கீச்சுச் சத்தத்தை நிறுத்துங்கப்பா! காது கிழியுது!”

அவர் கத்தியது நூலகருக்கு நன்றாகவே கேட்டது. இண்டிகேட்டரை அணைத்தார். அந்த மனிதர் காதிலிருந்து கையை எடுத்தார். மறுபடியும் போட்டார். அவர் மறுபடியும் பொத்திக்கொண்டார்.

நூலகர் ஸ்டியரிங்குக்குக் கிட்டே காதைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

லைட்டு கிட்டே வந்து, குரலை உயர்த்திச் சொன்னான்.

“முன்னால போற வண்டியை முந்திட்டு இடது பக்கம் வந்தப்புறமும் சிக்னலை அப்படியே விட்டுடறீங்களாம் சார். அது டிக் டிக்குங்கறது உங்களுக்குக் கேக்கறதில்ல. போன மாசம் நீங்க இடது பக்கம் திரும்பப் போறீங்கன்னு நம்பி, குறுக்குத் தெருவுலருந்து ஒரு பைக் வெளிய வந்துடுச்சு. நீங்க நேராப் போனீங்க. அதை ஓட்டின பையன் மயிரிழையில தப்பிச்சானாம். அதான் அக்கா சத்தமா ஒரு பஸ்ஸர் வைக்கச் சொன்னாங்க. இது மூணாவது. இதுவும் உங்களுக்கு எட்டல.”

நூலகருக்கு அந்தப் பைக் ஞாபகம் இருந்தது. ‘கண்ணு தெரியலையா?’ என்று அவனைத்தான் அன்றைக்கு நடுரோட்டில் நிறுத்தித் திட்டித் தீர்த்திருந்தார்.

மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

“இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

அவள் அவருடைய காதருகே குனிந்தாள்.

“நாலஞ்சு தடவை சொன்னேங்க. உங்க காதைப் பத்தின விஷயம், அக்கம்பக்கத்துல யாருக்கும் தெரிய வேணாமேன்னு மெதுவாச் சொன்னேன்.”