கதைக்க வசதியோ?

"ஓம் அங்கிள், சூதாட்டம்தான். இல்லையெண்டு சொல்லேல்லை. இனி லைசென்ஸோட ஆடப்போகினம், அவ்வளவுதான்."

சொல்லிப்போட்டு நிசாந்தன் றோல்ஸைக் கடிச்சான்.

யோகராஜாவுக்கு இருப்புக் கொள்ளேல்லை. காலமை ஆர்ச்வே முருகனிட்டப் போய்ப் பூசின திருநீறு நெத்தியில அப்பிடியே இருந்தது. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

நிசாந்தன், அவரின்ர ஒரே பிள்ளை மேனுஷா தானே பாத்து விரும்பின பெடியன். "நல்ல உத்தியோகம் அப்பா" எண்டு மட்டும்தான் சொல்லியிருந்தாள். பந்தயக் கம்பனி எண்டதை அவன்ர கார் வால்தம்ஸ்டோ ஸ்டேஷனைத் தாண்டின பிறகுதான் சொன்னாள். அதோட, பெடியன்ர குரல் வேற எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருந்து அவரைக் குடைஞ்சுகொண்டிருந்தது.

"ஆர் தம்பி ஆடப்போகினம்?" எண்டு கேட்டா மனுசி கமலாம்பிகை.

"கனடாவில ஒரு மாகாணம் அன்ரி. இவ்வளவு நாளும் அரசாங்கத்தின்ர ஒரே ஒரு வெப்சைட்தான். சனம் அதை விட்டிட்டு, எந்த நாட்டில இருக்கெண்டே தெரியாத சைட்டுகளில காசைக் கொட்டுது. மறிச்சுப் பாத்தினம், ஏலேல்லை. இப்ப கம்பனியளைக் கூப்பிட்டு, வாங்கோ, லைசென்ஸ் எடுங்கோ, வரி கட்டுங்கோ, நாங்கள் சொல்லுற சட்டத்துக்கு நில்லுங்கோ எண்டு சொல்லுகினம். எங்கட கம்பனியும் போகுது. ஆயத்தமெல்லாம் லண்டனில இருந்துதான்."

"அப்ப கள்ளனை மறிக்க ஏலாமல், கதவைத் திறந்துவிட்டு வரி எடுக்கினம்," எண்டார் யோகராஜா.

"கிட்டத்தட்ட அப்பிடித்தான் அங்கிள். ஆனா வாசலில ஒரு காவல்காரனையும் நிப்பாட்ட வேணுமாம்."

மேசையில கவிட்டு வைச்ச போன் உறுமிச்சு. யோகராஜா எடுத்துப் பாத்திட்டுத் திரும்பக் கவிட்டார்.

"சனிக்கிழமையிலும் வேலையிடத்தில இவரை விடாயினம்," எண்டா கமலாம்பிகை, கொஞ்சம் பெருமையாவே.

யோகராஜா விசயத்துக்கு வந்தார். "தம்பி, குறை நினையாதையும். நாலு பேர் கேட்டால், மாப்பிள்ளை பந்தயக் கம்பனியில எண்டு என்னெண்டு சொல்லுறது? சனம் அழிஞ்ச காசில எங்கட வீட்டில தாலி ஏற வேண்டாம். எனக்கு இது சரிவராது."

"அப்பா, அவர் என்ன வேலை செய்யிறாரெண்டு முழுக்கக் கேளுங்கோவன்."

"கேட்டது காணும் பிள்ளை."

"எனக்குக் காணாது," எண்டா கமலாம்பிகை. "நீர் சொல்லும் தம்பி. வாசலில நிக்கிற காவல்காரன் நீரோ?"

"ஓம் அன்ரி. கூடக் காசு தோக்கிற ஆக்களுக்குப் போனில கோல் எடுத்துக் கதைக்கிறதுதான் என்ர வேலை. தங்களைத் தாங்களே மறிக்கிறதுக்கு இஞ்ச ஒரு பட்டியல் இருக்கு. அதில பேரைக் குடுத்தால் ஒரு சைட்டும் உள்ள விடாது. அங்கயும் அதே மாதிரி வேணுமெண்டு சட்டம்."

"வாற வாடிக்கையைக் கலைக்கிறதுக்கோ உமக்குச் சம்பளம் தருகினம்?"

"அதாலதான் அன்ரி, இன்னும் புரமோஷன் வரேல்லை."

மேனுஷா சிரிச்சுப்போட்டு, தகப்பனைப் பாத்து அடக்கிக்கொண்டாள்.

"சரி, கோலில என்னெண்டு துவங்குவீர்?"

"தமிழாக்களெண்டால் தமிழிலதான். 'வணக்கம் ஐயா, இப்ப கதைக்க வசதியோ?'"

யோகராஜாவின்ர கால் ஆட்டம் நிண்டுது.

போன மாசம், வேலையிடத்துப் பின்கதவடியில நிண்டு போனில கேட்ட குரல். இதே குரல்தான். இதே கேள்விதான்.

"எங்கட சனமும் விளையாடுதோ?" கமலாம்பிகை கதிரையின்ர நுனிக்கு வந்திட்டா. "எங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

யோகராஜா தேத்தண்ணிக் கோப்பைக்குள்ள பாத்துக்கொண்டிருந்தார்.

"கன பேரோட கதைக்கிறனான் அன்ரி. கோலை வைச்ச உடன பேரெல்லாம் மறந்துபோகும்," எண்டான் நிசாந்தன். பிறகு எழும்பினான். "அங்கிள் சொன்னது எனக்கு விளங்குது. நான் வெளிக்கிடுறன். பெர்மிட் வேண்டிய இடத்தில அது இல்லாமல் காரை விட்டிட்டு வந்தனான், டிக்கெட்டை ஒட்டிப்போடுவாங்கள்."

ஒருத்தரும் மறிக்கேல்லை. யோகராஜா மட்டும் அவனுக்குப் பின்னால போனார். முன்னறைக் கதவைச் சாத்தினார்.

"தம்பி, உமக்கு உண்மையாவே மறந்துபோச்சோ?"

நிசாந்தன் குனிஞ்சு சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டே மெல்லச் சொன்னான். "அண்டைக்கு நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கு அங்கிள். 'அது நான் இல்லை தம்பி, என்ர மகன்தான் என்ர போனில விளையாடுறவன்' எண்டு சொன்னனீங்கள்."

சாத்தின கதவுக்கு அங்கால ஒரே பிள்ளை மேனுஷா விம்முற சத்தம் கேட்டுது.

யோகராஜா கதவைத் திரும்பிப் பாத்தார்.

"அவன் இன்னும் விடேல்லை தம்பி," எண்டார்.

"அந்தப் பட்டியலில அவர்தான் தன்ர பேரைக் குடுக்கவேணும் அங்கிள். தகப்பன் குடுக்கேலாது."

"குடுப்பான்."

சட்டைப் பையில போன் உறுமிச்சு. யோகராஜா எடுத்துப் பாக்கேல்லை.

"இண்டைக்கே குடுப்பான். நீர் அந்தச் சப்பாத்தைக் கழட்டும்."

உள்ளயிருந்து மேனுஷா கூப்பிட்டாள். "அப்பா, அம்மா உங்களை வரட்டாம்."

"வாறம் பிள்ளை," எண்டு சொல்லி, கதவைத் திறந்துகொண்டு உள்ள போனார்.