மடித்த கம்பளி

எழுத்தாளர் தேவசகாயத்தின் டைப்ரைட்டருக்கு அடியில் ஒரு கம்பளி மடித்துக் கிடந்தது. சத்தத்தில் குழந்தை தூங்கவில்லை என்று கீழ்வீட்டு அம்சவேணி முன்னொரு காலத்தில் படியேறி வந்து சண்டை போட்ட அன்று வைத்தது. அதற்கப்புறம் அவர் கதவை யாரும் தட்டவில்லை. எழுதுவதற்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. இன்று மத்தியானம் கம்பளியை உருவி எறிந்துவிட்டு, தாள் செருகாமலே ஓங்கி ஓங்கி அடித்தார். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமாகச் சட்டையை மாட்டினார்.

“மாடிக்குப் புதுசா யாராவது குடிவந்திருக்கீங்களா?” கதவுக்கு வெளியே அம்சவேணியின் குரல்.

“நான்தாம்மா, தேவசகாயம்.”

“சார் இன்னும் இங்கதான் இருக்கீங்களா? எழுதுங்க, எழுதுங்க. தொந்தரவு பண்ணல.”

செருப்புச் சத்தம் படியிறங்கி ஓய்ந்தது. அவர் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார்.