பக்கத்து இருக்கை

“வண்டியை எடை போடணும், மாமா.”

பட்டறையில் சேர்ந்த அன்றே, இதை மட்டும் கேட்கவே கூடாது என்று மாமா அவளிடம் சொல்லியிருந்தார்.

வண்டி புத்தம் புதுசு. காடு மலை சுற்றக் கிளம்பும் ஒரு கணவன் மனைவிக்காகக் கூரையில் கூடாரமும் பின்னால் தண்ணீர்த் தொட்டியும் பொருத்தியிருந்தார்கள். கனமான ஸ்பிரிங் போட்டும், ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கை உள்ள பக்கம் இரண்டு விரல் தாழ்ந்து நின்றது. இரண்டு ஸ்பிரிங்கையும் பக்கம் மாற்றிப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் அதே பக்கம்தான் தாழ்ந்தது.

“ஸ்பிரிங்குக்கு அடியில ஒரு வளையம் குடுத்து மட்டம் பண்ணு. எல்லா வண்டிக்கும் அதானே பண்றோம்.”

“எடை போட்டா என்ன தெரிஞ்சிடும்னு பயப்படுறீங்க?”

“தெரிஞ்சதை எதுக்கு எடை போடணும்?” மாமா வண்டியின் தகுதிச் சான்றிதழை நீட்டினார். “கையெழுத்துப் போடு. குடும்பத்துலயே முதல் பட்டதாரின்னு உன்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடுனது இதுக்குத்தான்.”

“அந்த சீட்டுல அவரு பொண்டாட்டி உக்காரப்போறா, மாமா.”

“ஒல்லியாத்தானே இருக்கா. ரெண்டு பேருக்கு இடம் பத்தும்.”

அவள் காலி இருக்கையின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டுக் கையை எடுத்தாள். பெல்ட் இருக்கையோடு ஒட்டவில்லை. ஒரு நெஞ்சின் வளைவில் அந்தரத்தில் நின்று, மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.

மாமா அந்தப் பக்கம் பார்க்காமல் வளையத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் சான்றிதழைக் கிழித்துப் போட்டாள். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, அந்த மனைவியின் வீட்டுக்குப் போகப் பட்டறையை விட்டு வெளியே இறங்கினாள். பின்னால் வண்டிக்குள் பெல்ட் கொக்கி டக்கென்று கழன்றது. அவள் நடையை எட்டிப் போட்டாள்.